வேலூர் செம்மண்ணில் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள்: பத்து சென்ட் செய்முறைப் பதிவு

வேலூர்க் கோட்டை எழுந்த அதே 16ஆம் நூற்றாண்டில்தான் மிளகாய் தென்னிந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் இந்தப் பக்கத்துச் சமையலில் காரம் என்றால் மிளகு. தக்காளி, வேர்க்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி, சர்க்கரைவள்ளி, பரங்கி, பப்பாளி, கொய்யா, சீத்தா, முந்திரி இவை எல்லாமே அமெரிக்கக் கண்டங்களின் பயிர்கள். கொலம்பஸ் 1492இல் கரீபியத் தீவுகளில் இறங்கினார். வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தார். கப்ரால் 1500இல் பிரேசில் கரையைத் தொட்டுவிட்டு அப்படியே இந்தியாவுக்கு வந்தார். பிரேசில், மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் சில துறைமுகங்கள், கோவா மூன்றும் போர்த்துகீசியர் கையில் இருந்ததால் விதைகள் துறைமுகம் துறைமுகமாக நகர்ந்தன. இன்னொரு வழி பசிபிக் கடல்: 1565 முதல் 1815 வரை மெக்ஸிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் போய்வந்தன.

இந்தப் பயிர்களைப் பத்து சென்ட்டில் ஒருசேர வைத்து வளர்த்த முறைதான் இந்தப் பதிவு. பள்ளித் தோட்டத்துக்கும் வீட்டை ஒட்டிய கொல்லைக்கும் இதே அளவு பொருந்தும். பயிர் செய்பவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. கப்பலேறியது பெரும்பாலும் விதையும் கிழங்கும் மட்டும்தான். அந்தப் பயிரைத் தின்னும் புழு, அந்தப் புழுவை அடக்கும் குளவி, பூவைத் தேடி வரும் தேனீ, அறுவடையைப் பக்குவப்படுத்தும் அறிவு ஆகியவற்றில் பெரும்பகுதி அந்தக் கரையிலேயே நின்றுவிட்டது. சில நம் காலத்தில்தான் வந்துசேர்கின்றன. பாத்தியில் என்ன கோளாறு வந்தாலும், அது பயிரின் ஊரிலிருந்து பின்தொடர்ந்து வந்ததா, இங்கேயே இருந்து பயிரைப் பிடித்துக்கொண்டதா என்று பாருங்கள். செய்ய வேண்டிய வேலை பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

நிலமும் நீரும்

பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. 66 அடிக்கு 66 அடி சதுரமாக அளந்தால் சரியாக இருக்கும். நடுவில் சிலுவைபோல 2 அடி நடைபாதை விட்டால் 32 அடிக்கு 32 அடியில் நான்கு பாகம் கிடைக்கும். வடக்கே இரண்டு பாகத்தில் உயரமாக வளரும் மக்காச்சோளமும் மரவள்ளியும். தெற்கே இரண்டு பாகத்தில் வேர்க்கடலையும் தக்காளி, மிளகாயும். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு நம் ஊரில் உச்சி வெயில் தெற்கே சாய்வதால், உயரப் பயிரைத் தெற்கே வைத்தால் குட்டைப் பயிர் நிழலில் நின்று நீண்டுவிடும்.

கடைசி உழவில் மக்கிய தொழுவுரம் அரை டன். ஏரி வண்டல் கிடைத்தால் ஒரு டிராக்டர் நடை போடலாம். ஆனால் வேர்க்கடலைப் பாகத்தில் போடக் கூடாது. மண் இறுகினால், பூவிலிருந்து மண்ணுக்குள் போய்க் காயாகும் விழுது இறங்காது, பிடுங்கும்போது காய் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும்.

கிணற்று நீரையும் மண்ணையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்க்காமல் விதை வாங்க வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீரில் உப்பேறிய இடங்கள் உண்டு. மண்சாற்றின் மின்கடத்துத்திறன் (உப்பின் அளவைக் காட்டுவது) எவ்வளவு தாண்டினால் விளைச்சல் இறங்கும் என்பது பயிருக்குப் பயிர் மாறும்: பீன்ஸுக்கு 1, சர்க்கரைவள்ளிக்கு 1.5, மக்காச்சோளத்துக்கு 1.7, தக்காளிக்கு 2.5, வேர்க்கடலைக்கு 3.2 டெசிசீமென்ஸ்/மீட்டர். உப்பு நீர் ஊர்களில் வேர்க்கடலை தாக்குப்பிடித்து, பக்கத்து வயல் பீன்ஸ் இலை ஓரம் கருகுவதற்கு இதுதான் காரணம்.

வேலிக்குக் கிளைரிசிடியா போத்து நட்டோம். அதுவும் மத்திய அமெரிக்க மரம். தழையை வெட்டி மூடாக்காகப் போடலாம். வேலிகாத்தான் வேண்டவே வேண்டாம், வேரும் விதையும் நிலத்தை விடாது. சப்பாத்திக்கள்ளி வேலியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு அதன் கதையையும் சொல்ல வேண்டும். சிவப்புச் சாயம் தரும் கொச்சினல் பூச்சியை வளர்க்க, கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் கள்ளித் தோட்டமே போட்டார். சாயத் தொழில் நிலைக்கவில்லை, கள்ளி நிலைத்தது. தரிசெல்லாம் பரவிய கள்ளியை, 1926இல் இலங்கை வழியாக வந்த வேறொரு கொச்சினல் இனம்தான் காயவைத்தது. பயிர் முன்னால் வந்து, அதை அடக்குவது பின்னால் வருவதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

மல்லாட்டைப் பாகம்

வடாற்காட்டுக்கு மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமான விருந்தாளி இதுதான், ஆகவே இதற்கே அதிக இடம். மல்லாட்டை என்னும் வேர்க்கடலையின் பிறப்பிடம் தெற்கு பொலிவியா, வடமேற்கு அர்ஜென்டினா எல்லைப் பகுதி. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் எண்ணெய் ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாகப் போன பிறகுதான், ஆற்காட்டு மாவட்டங்களில் இது பணப்பயிராக நிலைத்தது.

கொத்து ரகம் போதும், டி.எம்.வி. 7 சுமார் 100 முதல் 105 நாளில் வரும். ஒரு பாகத்துக்கு ஒன்றேகால் கிலோ பருப்பு. விதைக்க ஒரு வாரம் இருக்கும்போது கையால் உடைக்க வேண்டும். மிஷினில் உடைத்த பருப்பில் தோல் கீறியிருந்தால் முளைப்பதற்கு முன்பே பூஞ்சை ஏறும். முந்தைய ஆண்டுப் பருப்பை நம்ப வேண்டாம், எண்ணெய் விதைக்கு முளைப்புத்திறன் சீக்கிரம் போகும். கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் பூஞ்சை) கலந்து நிழலில் உலர்த்தி, ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் (வேரில் முடிச்சுப் போடும் நுண்ணுயிர்) 10 கிராம் குழைத்துப் பூசி, அன்றே விதைக்க வேண்டும். இந்த நுண்ணுயிர்கள் பூசும் விதைக்கு இரசாயனப் பூஞ்சாணக்கொல்லி கூடாது. இரண்டையும் சேர்த்தால் பூஞ்சாணக்கொல்லி முதலில் டிரைக்கோடெர்மாவைத்தான் கொல்லும்.

வரிசைக்கு வரிசை ஓர் அடி, செடிக்குச் செடி 4 அங்குலம், ஆழம் 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நான்காம் ஐந்தாம் நாள் உயிர்த்தண்ணீர். செம்மண்ணில் மேல் ஓடு கட்டினால் முளை மடங்கிவிடும். அப்போது பாய்ச்சாமல் பூவாளியால் தெளிக்க வேண்டும்.

முப்பதாம் நாள் வாக்கில் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து பிடிக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. இங்கே ஒரு நல்ல செய்தி: காராமணி, கொள்ளு வேரில் வாழும் அதே வகை நுண்ணுயிரே மல்லாட்டை வேரிலும் முடிச்சுப் போடும். நம் மானாவாரி நிலங்களில் காலம் காலமாகக் கொள்ளு விளைந்திருப்பதால், கடல் கடந்து வந்த பயிருக்குத் துணை மண்ணிலேயே காத்திருந்தது. புதிதாக மண் கொட்டி நிரப்பிய மனையில் மட்டும் ரைசோபியம் பூசாமல் விதைக்காதீர்கள்.

ஜிப்சம் ஒரு பாகத்துக்கு 4 கிலோ. பாதி அடியுரம், மீதி 40 முதல் 45ஆம் நாளுக்குள் செடியைச் சுற்றித் தூவி மண் அணைக்க வேண்டும். விழுது மண்ணுக்குள் போனபின் காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் அனுப்பித் தராது, காயே தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்சும். அந்த இரண்டு அங்குல மண்ணில் அது இல்லையென்றால் ஓடு பெரிதாக, உள்ளே பொக்காக இருக்கும். ‘செடி நல்லா இருந்தது, காய்தான் பொக்கு’ என்பவர்கள் பலரும் ஜிப்சத்தை விட்டவர்கள் அல்லது வேருக்கு வைப்பதுபோல ஆழத்தில் வைத்தவர்கள். மண் அணைத்த பிறகு களைக்கொத்து பாத்திக்குள் இறங்கக் கூடாது. கொத்தினால் இறங்கிய விழுது அறுந்துபோகும். அதன்பின் வரும் களையைக் கையால் பிடுங்குங்கள்.

பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் ஒரு தெளிப்பு உதவும்: டி.ஏ.பி. 25 கிராம், அம்மோனியம் சல்பேட் 10 கிராம், போராக்ஸ் 5 கிராம். இவற்றை அரை லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, காலையில் தெளிந்ததை மட்டும் துணியில் வடித்து 5 லிட்டராக்கி, 25ஆம் நாளும் 35ஆம் நாளும் அடிக்கலாம். வடிகட்டாமல் ஊற்றினால் நாசில் அடைக்கும்.

எதிரிகளில் இரண்டு வகையும் இந்தப் பாகத்திலேயே பார்க்கலாம். சிவப்புக் கம்பளிப்புழு நம் ஊர்க்காரர். முதல் கனமழைக்குப் பின் அந்துப்பூச்சி மண்ணிலிருந்து கிளம்பும். அந்த வாரத்திலேயே இரவு ஏழிலிருந்து பதினொன்று வரை விளக்குப்பொறி வைக்க வேண்டும். இலைக்கடியில் மஞ்சள் நிறத்தில் குவியலாக இருக்கும் முட்டையை இலையோடு கிள்ளி அழிக்க வேண்டும். வளர்ந்த புழுவின் மேல் மருந்து ஒட்டாது. வரப்போரம் ஓர் அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, காட்டாமணக்கு அல்லது நெய்வேலிக் காட்டாமணக்குக் கிளைகளைப் போட்டால் புழுக்கள் அங்கே கூடும், அள்ளி அழிக்கலாம். அந்த இரண்டு செடிகளுமே அமெரிக்கக் கண்டத்தவை. துரு நோயோ இதற்கு நேர்மாறு. 1960களின் கடைசி வரை பெரும்பாலும் தென் அமெரிக்காவிலும் கரீபியத்திலும் மட்டுமே இருந்தது, பிறகுதான் இங்கே பரவியது. இலையடியில் ஆரஞ்சு நிறத் தூள் கையில் ஒட்டினால் அது துரு. கரும்புள்ளியும் சேர்ந்தே வரும். அடியிலைகளில் தெரிந்தவுடன் மருந்தடித்தால் காய் நிற்கும், செடி முழுதும் ஏறியபின் பயனில்லை.

அறுவடைக்கு நாளை மட்டும் எண்ண வேண்டாம். நான்கைந்து செடி பிடுங்கி ஓட்டை உடைத்து உட்புறம் பாருங்கள்; முக்கால்வாசி கருத்திருந்தால் எடுக்கலாம். காயைக் குலுக்கினால் பருப்பு சலசலக்கும் வரை காய வேண்டும், ஈரம் 8 முதல் 9 சதவீதத்துக்குள் வர வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் சேரும், அந்த நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. பூசணம் பிடித்த பருப்பை ஆடு மாட்டுக்கும் போடாதீர்கள். பாகத்துக்கு 15 முதல் 20 கிலோ காய் நியாயமான எதிர்பார்ப்பு. அணைக்கட்டு, ஜவ்வாது மலையடிவாரப் பக்கம் காட்டுப்பன்றிக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

மக்காச்சோளம், காராமணி, பரங்கி

மெக்ஸிகோவில் மக்காச்சோளம், பீன்ஸ், பரங்கி மூன்றும் ஒரே குழியில் வளரும் கூட்டாளிகள். அதை அப்படியே இங்கே நடக் கூடாது. பீன்ஸ் வேலூர் வெயிலில் பூவை உதிர்க்கும், உப்பையும் தாங்காது. அதற்குப் பதில் கொடிக் காராமணி போட்டோம். தண்டில் ஏறும், தழைச்சத்தைப் பிடிக்கும், வெயிலுக்கு அசையாது.

மூன்றடிக்கு மூன்றடியில் குழி, ஒரு பாகத்துக்கு நூற்றுப் பத்து குழிகள். குழிக்கு நான்கு விதை போட்டு மூன்றை விட வேண்டும். 150 கிராம் விதை போதும். காற்றில் மகரந்தம் பரவும் பயிர் என்பதால் சதுரமாகத்தான் நட வேண்டும், வரப்போரம் ஒற்றை வரிசை நட்டால் கதிரில் மணி ஓட்டையாகும். ஆடிப்பட்டத்தில் விதைத்தால் செப்டம்பரில் பூக்கும். ஏப்ரல், மே மாதத்தில் பூக்கும்படி விதைத்தால் 38 டிகிரிக்கு மேல் மகரந்தம் செத்துவிடும். காராமணியை மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்தபின் ஊன்ற வேண்டும், ஒரே நாளில் ஊன்றினால் கொடி தண்டை இழுத்துச் சாய்க்கும். பரங்கிக்கு நான்கு மூலையில் நான்கு குழி போதும். அதன் சொந்த ஊரில் பரங்கிப் பூவுக்கென்றே தனி இனத் தேனீ உண்டு, அது இங்கே வரவில்லை. நம் தேனீக்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. மழை நாட்களில் அவை வராவிட்டால் காலை எட்டு மணிக்குள் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நாமே தடவ வேண்டும்.

மக்காச்சோளத்தின் பழைய பகையாளியான அமெரிக்கன் படைப்புழு 2016இல் ஆப்பிரிக்காவுக்கும் 2018இல் கர்நாடகம் வழியாக இந்தியாவுக்கும் வந்து, அதே ஆண்டில் தமிழ்நாட்டையும் தொட்டது. கடைசி உழவில் பாகத்துக்கு இரண்டரை கிலோ வேப்பம் பிண்ணாக்கு போடுங்கள். முளைத்த பத்தாம் நாளிலிருந்து குருத்தை விரித்துப் பாருங்கள். இலையில் சன்னல்போல வெளுத்த சுரண்டல் தெரிந்தால் புழு சின்னது, வேம்பு மருந்தான அசாடிராக்டின் 1500 பி.பி.எம். லிட்டருக்கு 5 மில்லி போதும். குருத்தில் மரத்தூள் போன்ற எச்சம் குவிந்திருந்தால் புழு உள்ளே போய்விட்டது, மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடாது. சிறு நிலத்தில் ஒன்பது பங்கு மணலில் ஒரு பங்கு சுண்ணாம்புத் தூள் கலந்து குருத்துக்குள் ஒரு சிட்டிகை போடலாம்.

அடுத்தது விளைந்த மணியைச் சுண்ணாம்பில் வேகவைக்கும் பக்குவம். மெக்ஸிகோக்காரர்கள் மக்காச்சோளத்தை அப்படித்தான் சமைத்தார்கள். ஐரோப்பியர் மணியை மட்டும் கொண்டுபோனார்கள். அதையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, மூளை கலங்கும் பெலக்ரா வந்தது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸில் மருத்துவர் காஸ்பர் காசல் 1735இல் அதை விவரித்தார். அது நியாசின் என்னும் வைட்டமின் குறைவால் வருவது. மக்காச்சோளத்தில் நியாசின் கட்டுண்டு கிடக்கிறது, சுண்ணாம்பின் காரம்தான் அதை விடுவிக்கும். கோழித்தீவனமாகவோ, சுட்ட கதிராகவோ மட்டும் பழகிய நமக்கு இது உறைக்காது. அன்றாட உணவாக்க நினைப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

நன்கு காய்ந்த மணி ஒரு கிலோ, தண்ணீர் மூன்று லிட்டர், நீற்றிய சுண்ணாம்புத் தூள் 10 கிராம். வெற்றிலைக்குப் போடும் ஈரச் சுண்ணாம்பென்றால் 20 முதல் 25 கிராம். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பில் பசையும் நீலமும் கலந்திருக்கும், அதைத் தொட வேண்டாம். நீற்றாத கல்லையும் பானையில் போடாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரிக்கும், எவர்சில்வரோ மண்பானையோதான். சுண்ணாம்பைக் கரைத்து மணியைப் போட்டு மெல்லிய தீயில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். நம் மஞ்சள் மணி கெட்டி ரகம் என்பதால் இத்தனை நேரம். பிறகு மூடி இரவு முழுதும் ஊற விடுங்கள். காலையில் விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக் கழல வேண்டும், மணியை நறுக்கினால் நடுவில் சிறு வெள்ளைப் புள்ளி மட்டும் காய்ந்திருக்க வேண்டும். மணி முழுதும் குழைந்தால் வேக்காடு அதிகம், மாவு பிசுபிசுக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, கிரைண்டரில் சிறிது சிறிதாகத் தண்ணீர் விட்டுக் கெட்டியாக அரைத்து அடையாகத் தட்டலாம். வடித்த சுண்ணாம்பு நீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், எருக்குழியில் கொட்டுங்கள்.

மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும்

மூன்றாம் பாகத்தில் பாதி மரவள்ளி. மூன்றடிக்கு ஒன்றாக 56 கரணை (நடும் தண்டுத் துண்டு), ஒவ்வொன்றும் 6 முதல் 8 அங்குலம், எட்டுப் பத்துக் கணு. தண்டின் நுனிக் கால்பகுதியைத் தள்ளிவிட வேண்டும், அது வாடும். திருவிதாங்கூரில் 1880களின் தொடக்கத்தில் விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்கு மாற்றாக இதைப் பரப்பினார். பிறகு சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் இதைப் பணப்பயிராக்கின. இலை மஞ்சளும் பச்சையுமாகச் சுருங்கும் தேமல் நோய் அமெரிக்காவில் கிடையாது. ஆப்பிரிக்காவும் ஆசியாவும்தான் அதன் இடம், அதாவது பயிர் இங்கே வந்து சந்தித்த எதிரி. மருந்து கிடையாது. கரணை எடுக்கும் தாய்ச்செடியை இலையோடு நிற்கும்போதே பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

மாவுப்பூச்சி இதற்கு மாறாகத் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1970களில் ஆப்பிரிக்காவில் பேரழிவு செய்தது. பராகுவேயில் கண்டுபிடித்த சிறு குளவியை 1981 முதல் விட்டு அடக்கினார்கள். இந்தியாவில் 2020இல் கேரளத்தில் தென்பட்டது. அதே குளவியை வரவழைத்து 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். நுனி கொத்தாகச் சுருண்ட செடியைப் பார்த்ததும் மருந்தடித்தால் குளவிதான் முதலில் சாகும். நுனியைக் கிள்ளி எரித்துவிட்டுப் பொறுத்திருங்கள். கிழங்கைத் தோண்டியபின் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைத்தால் உள்ளே நீலக்கோடு ஓடும். தோலைச் சீவி, நறுக்கி, திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். ஆலைக்கென்று வளர்க்கும் கசப்பு ரகத்தைச் சமைக்கவே கூடாது.

மீதிப் பாதி சர்க்கரைவள்ளி. ஓர் அடிக் கொடித்துண்டைக் கரையில் ஊன்றி, மாதம் ஒருமுறை கொடியைப் புரட்டி விடுங்கள். புரட்டாவிட்டால் கணுவெல்லாம் வேர்விட்டுக் கிழங்கு சிறுக்கும்.

தக்காளி, மிளகாய், பப்பாளி

இந்தப் பாகத்தில் வேலூரின் இலவம்பாடி முள்ளுக் கத்தரியைச் சேர்க்கச் சொல்பவர்கள் உண்டு. அது நம் நாட்டுப் பயிர், ஆனால் தக்காளிக்கு உறவு. ஒன்றின் வாடல் நோய் மற்றதற்கு ஏறும் என்பதால் தள்ளியே வையுங்கள். தக்காளிக்கு நடுவே துலுக்கச் சாமந்தி ஒரு வரிசை. அதுவும் மெக்ஸிகோப் பூ, காய்ப்புழு அந்து அதில் முட்டையிடும். சாமந்தி நாற்று 40 நாள், தக்காளி நாற்று 25 நாள் வயதில் ஒன்றாக நட்டால்தான் இரண்டும் சேர்ந்து பூக்கும். இலையில் வெளுத்த கொப்புளமும் காயில் ஊசித்துளையும் தெரிந்தால் 2014இல் இந்தியாவில் நுழைந்த தென் அமெரிக்க ஊசிப்புழு. தாக்கிய இலையையும் காயையும் வயலில் போடாமல் எடுத்து எரிக்க வேண்டும்.

பப்பாளி ஆறடிக்கு ஒன்றாக வடக்கு வரப்பில், மேட்டில். ஒரு நாள் தண்ணீர் நின்றாலும் அடித்தண்டு அழுகும். 2008இல் கோயம்புத்தூரில் தொடங்கிய பப்பாளி மாவுப்பூச்சியை, 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவிகள் அடக்கிவிட்டன. அவை இன்றும் நம் வயல்களில் இருப்பதால், வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவதோடு நிறுத்துங்கள்.

கிழக்கு வரப்பில் வாழையும் கரும்பும் வைத்தோம், எதிர்த்திசையில் போனவற்றைக் காட்ட. கரும்பைக் கொலம்பஸ் 1493இல் தம் இரண்டாம் பயணத்தில் கொண்டுபோனார், வாழை 1516இல் கானரித் தீவுகளிலிருந்து போனது. அமெரிக்கக் கண்டத்துக் கரும்புத் தோட்டங்களுக்காகவே லட்சக்கணக்கான ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். பிள்ளைகளுக்கு இந்த வரப்பைக் காட்டும்போது அதையும் விடாமல் சொல்லுங்கள்.

அடுத்த ஆடிக்கு மல்லாட்டை நின்ற இடத்தில் மக்காச்சோளம், மக்காச்சோளத்தின் இடத்தில் தக்காளியும் மிளகாயும், அவற்றின் இடத்தில் மரவள்ளி, மரவள்ளி தோண்டிய இடத்தில் மல்லாட்டை என்று மாற்றுங்கள். உயரப் பயிர் தெற்கே வந்து நிழல் விழுந்தாலும், மண் நோய்க்காக இந்த மாற்றம் வேண்டும். தக்காளிக்கு அடுத்து நேராக மல்லாட்டை வரக் கூடாது. வெள்ளைப் பூசணம் படர்ந்து தண்டை அழுகவைக்கும் நோய் இரண்டுக்கும் பொது, அதன் கடுகு போன்ற வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மரவள்ளி சித்திரை, வைகாசியில்தான் நிலத்தை விடும் என்பதால் அந்தப் பாகத்தை மட்டும் கோடை மழையில் இரண்டு முறை ஆழ உழுது காயப் போடுங்கள்.